லினெட் அக்கா சொன்ன அபிப்பிராயம்

லினெட் அக்கா வாயைத் திறந்தால் மைக்ரோஸ்கோப்புகூட நிமிர்ந்து உட்காரும் என்று எங்கள் கம்பெனியின் மூன்றாம் லைனில் ஒரு பேச்சு உண்டு. இருபத்திரண்டு வருஷம் அந்த வாயிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். திட்டியதால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. அதே வாய் ஒரே ஒரு நாள், ஒரு வெளிநாட்டுக்காரரிடம், கால் மணி நேரம் மரியாதையாகப் பேசியது. பதினான்கு பேரின் சோற்றில் மண் விழுந்தது.

நான் ருக்குமணி. பிறந்தது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில். கல்யாணமாகி பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனுக்கு வந்த பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் ஓப்பரேட்டராகச் சேர்ந்தேன். இதய நோயாளிகளின் உடம்புக்குள் போகிற மெல்லிய வயர்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பற்றவைக்கிற வேலை. மூச்சை அடக்கிக்கொண்டு செய்யவேண்டும். தும்மினால் ஒரு வயர் போச்சு. என் லைன் லீடர்தான் லினெட் அக்கா.

அப்போது அவளுக்கு முப்பது வயது. கான்வென்ட்டில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். அப்பா சூசை துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து இறந்துபோனார். தம்பி பேட்ரிக்கைப் படிக்கவைத்தாள், அவன் பெர்த்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். கல்யாணம் என்று ஒன்று அவள் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. டத்தோ கிராமாட் சாலையில் ஒரு ஃப்ளாட், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை, மற்ற ஆறு நாளும் நாங்கள். அவளுக்கு உலகம் அவ்வளவுதான்.

"கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு?" என்பாள். "இத பத்த வச்சதா, பல்லால கடிச்சதா?" என்பாள். வேலை ஒழுங்காக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். ரொம்பவும் ஒழுங்காக இருந்தால், "ம். போகலாம்" என்று ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தைக்காக நாங்கள் பதினான்கு பொம்பளைகளும் காத்துக் கிடந்திருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பத்து நாள் தினமும் வேலை முடிந்து சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். வந்ததும் என்னைப் பார்த்து, "தலைய சீவேண்டி, பேய் மாதிரி நிக்கிற" என்றுதான் சொன்னாள். நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

எங்களை அவள் எதிரே யாராவது புகழ்ந்தால் அவளுக்கு ஆகாது. "ஏதோ செய்யிறாளுங்க, சுமார்தான்" என்று உடனே வெட்டிவிடுவாள். நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தானே? பெற்ற பிள்ளை பள்ளியில் முதலாவதாக வந்தாலும், யாராவது கேட்டால் "என்னமோ படிக்கிறான்" என்போம். நம்முடையதை நாமே மெச்சினால் கண் பட்டுவிடும், கர்வம் என்பார்கள். அடுத்தவர் பிள்ளையைத்தான் வாய் நிறையப் புகழவேண்டும். எங்கள் அம்மா என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. எனவே லினெட் அக்கா பேசியதில் எங்களுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. அன்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

போன வருஷம் பிப்ரவரியில் எல்லாரையும் கேன்டீனில் கூட்டி வைத்துச் சொன்னார்கள். வேலை மெக்சிகோவுக்குப் போகிறது. பினாங்கில் ஒரே ஒரு லைன் மட்டும் மிஞ்சும், பழைய ஆர்டர்களுக்காக. எங்கள் மூன்றாம் லைனா, கமால் அண்ணனுடைய ஐந்தாம் லைனா என்பது ஆறு மாதத்தில் தெரியும். அதற்குள் மெக்சிகோவிலிருந்து வருகிற ஆறு பெண்களுக்கு நாங்கள் தொழிலைக் கற்றுக்கொடுக்கவேண்டும். நம் குழியை நாமே வெட்டிவிட்டு, வெட்டியது நேராக இருக்கிறதா என்று மார்க்கும் வாங்கவேண்டும்.

அந்தப் பெண்களுக்கு இங்கிலீஷ் வராது. ஆகவே இரண்டு லைன் லீடர்களுக்கும் ஸ்பானிஷ் வகுப்பு வைத்தார்கள். வாரம் மூன்று நாள், சாயந்திரம் நாலு மணிக்கு, மீட்டிங் ரூம் திரையில் பிலார் என்று ஒரு டீச்சர் வருவார். கமால் அண்ணன் நாலே வகுப்பில் எழுந்துவிட்டார். "கை இருக்குலா, கண்ணு இருக்குலா, இதுக்கு எதுக்கு பாஷை?" என்றார்.

லினெட் அக்கா விடவில்லை. அவளுடைய கணக்கு எங்களுக்குத் தெரியும். ஸ்பானிஷ் பேசுகிற லீடர் ஒருத்தி இருந்தால், அவளையும் அவள் லைனையும் கம்பெனிக்காரன் எப்படி வெட்டுவான்? ஐம்பத்திரண்டு வயதில், கம்பெனி பஸ்ஸில் கொம்தாரிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். பார்க்கிறவர்கள் ஜெபமாலை சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சீக்கிரமே அவளுக்கு அந்த மொழியில் ஒரு இடம் பிடித்துப்போனது. என்னிடம்தான் வந்து சொல்வாள்.

"ருக்கு, இவங்க பாஷையில நடக்கிறத சொல்ல வினை ஒரு மாதிரி வருது. நடந்தா நல்லா இருக்குமேன்னு நெனக்கிறத சொல்ல வேற மாதிரி வருது. புத்தி சொல்றதுக்கு, அபிப்பிராயம் சொல்றதுக்கு, ஆசப்படறதுக்கெல்லாம் அதான். சப்ஜங்டிவ்வாம். 'செய்'னு மூஞ்சிக்கு நேரா சொல்றது மொரட்டுத்தனம். 'நீ செஞ்சா நல்லதுன்னு எனக்குத் தோணுது'ன்னு சொல்லணும்."

"நம்மகிட்டயும் இருக்கேக்கா. செஞ்சா தேவலன்னு சொல்றோமே."

"இருக்கு. நான் ஒங்ககிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"அதான். இப்பதான் கத்துக்கறேன்."

பாவம் நவமணி. எங்களில் மூத்தவள், கொஞ்சம் பயந்த சுபாவம். ஒரு நாள் முதுகு வலி என்று நெளிந்துகொண்டிருந்தாள். லினெட் அக்கா அவள் பக்கத்தில் போய், "தே அகொன்செஹோ கே தெஸ்கான்ஸெஸ்" என்றாள். பிறகு தமிழிலும் சொன்னாள்: "நீ கொஞ்சம் ஓய்வெடுத்துக்கிட்டா நல்லதுன்னு ஒனக்கு ஆலோசனை சொல்றேன்." நவமணியின் முகம் வெளுத்துவிட்டது. "என்னாக்கா, என்னய வேலய விட்டு நிறுத்தப் போறாங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகப் பேசினால் கெட்ட சேதி என்றுதான் எங்களுக்கு அர்த்தம். அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள்.

'ஒஹலா' என்று ஒரு வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்படி நடக்கட்டும் என்று அர்த்தமாம். லைன் மிஞ்சவேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும் "ஒஹலா" என்பாள். நாங்களும் பழகிக்கொண்டோம். பஸ்ஸில் இறங்கும்போது ஒருத்தருக்கொருத்தர் "ஒஹலா" சொல்லிக்கொள்வோம்.

ஜூனில் அந்த ஆறு பெண்களும் வந்தார்கள். கூடவே எஸ்தெபான் என்று ஒரு மேனேஜர். நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் முதலில் வணக்கம் சொல்வார். அந்தப் பெண்களிடம் லினெட் அக்கா பேசியதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களை நாய் மாதிரி விரட்டிய அதே வாயிலிருந்து தேன் ஒழுகியது. வயரைப் பொசுக்கினாலும், "இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், கண்ணு" என்பாள். லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சோறும் குழம்பும் வாங்கித் தந்து, காரத்தில் அவர்கள் மூக்கைச் சிந்தியபோது தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். விருந்தாளி என்றால் விழுந்து விழுந்து செய்வது நம் ஆட்களின் பிறவிக் குணம். நம்முடைய வேலையைப் பிடுங்க வந்த விருந்தாளியாக இருந்தாலும் சரி.

ஆகஸ்ட் கடைசியில் எஸ்தெபான் இரண்டு லீடர்களையும் தனித்தனியாக அழைத்தார். அவரவர் லைனைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவேண்டும். அதைத் தலைமை ஆபீசுக்கு எழுதி அனுப்புவார், அதன் பிறகுதான் முடிவு.

கமால் அண்ணன் முதலில் போனார். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்.

"என்னாண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னாத்த சொல்ல? என் லைன்தான் பினாங்குலயே நம்பர் ஒன்னு, போய் யார வேணா கேட்டுக்கன்னு சொன்னேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய லைனில் வாரத்துக்கு எத்தனை வயர் பழுதென்று திரும்பி வரும் என்று எங்களுக்குத் தெரியாதா? என்ன வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு லினெட் அக்கா போனாள். புதிதாகத் தேய்த்த சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகம் மின்னியது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"முழுக்க ஸ்பானிஷ்லயே பேசுனேன்டி. ஒரு தப்பு இல்ல. பெர்ஃபெக்தோன்னாரு. எழுந்து கையக் குடுத்தாரு."

நாங்கள் கை தட்டினோம். நவமணி அழுதே விட்டாள். அன்றைக்குச் சாயந்திரம் பதினான்கு பேரும் காசு போட்டு அக்காவுக்கு ஒரு கேக் வாங்கி கேன்டீனில் வெட்டினோம். என்ன பேசினாள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எங்களைப் பற்றி அக்கா வேறு என்ன சொல்லியிருக்கப் போகிறாள்? அந்தக் கேக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது.

இரண்டு வாரத்தில் காகிதம் வந்தது. ஐந்தாம் லைன் இருக்கும். மூன்றாம் லைன் மாதக் கடைசியோடு முடிகிறது.

லினெட் அக்கா நேராக எஸ்தெபானின் அறைக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்பதை அன்று சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில்தான் சொன்னாள். பஸ் புறப்பட்டதும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றாள்.

"வேலை போனது என்னாலதான்" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு அந்த ஆளு கேட்டாரு, நீங்க பதினாலு பேரும் எப்பிடின்னு. நான் சுமார்தான்னு சொன்னேன். இன்னும் கத்துக்க வேண்டியது இருக்கு, அவங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தா நல்லதுன்னு என் தாழ்மையான அபிப்பிராயம்னு சொன்னேன். கமால் லைன பத்திக் கேட்டாரு. நல்ல லைன், தெறமசாலிங்கன்னு சொன்னேன். மெக்சிகோ புள்ளைங்கள தங்கம்னேன். இன்னைக்குப் போயி ஏன் இப்பிடி பண்ணீங்கன்னு கேட்டா, அந்த ஆளு முழிக்கிறாரு. நீங்கதான சொன்னீங்க, நீங்க சொன்னத அப்பிடியே எழுதி அனுப்புனேன்னு காட்டுறாரு. ஒரு வார்த்த மாறல. தன் ஆளுங்கன்னு பாக்காம உண்மையச் சொன்னீங்கன்னு என்னய பாராட்டுறாரு. எனக்கு மட்டும் மெக்சிகோவுல ட்ரெய்னர் வேலை தர்றாராம்."

பஸ் பாலத்தின் பக்கம் நெரிசலில் நின்றுவிட்டது. 

"நீங்க என்னா சொன்னீங்கக்கா, அந்த வேலைக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"எச்சில் சோறு எனக்கு எதுக்கு?" என்றாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவளுக்கு மட்டும் கரிக்குஞ்சா? எனக்குள் என்னவோ அறுந்தது. எழுந்து நின்று கத்தினேன். "இருவத்திரெண்டு வருஷம் கண்ண அவிச்சு ஒழச்சோம், சுமாரா? ஒங்க நாக்குல ஒரு நல்ல வார்த்த வந்தா என்னா, அழுகிப் போயிருமா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத்தில் வைக்க முடியாது. அவள் கம்பியை விடாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவளைத் திட்ட முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நவமணிதான் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "வுடு ருக்கு. ஒன்னையோ என்னையோ கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்போம். எம்மவளப் பொண்ணு பாக்க வந்தப்ப, ஒண்ணும் தெரியாதவன்னுதான நான் சொன்னேன்?" என்றாள். அது உண்மை. அது உண்மையாக இருந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அக்கா கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. ஐம்பதைத் தொட்ட பொம்பளைகளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? நவமணி இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறாள். இதய வயர் பற்றவைத்த கை, சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்துக் கிடக்கிறது. ஒருத்தி மகன் வீட்டுக்குப் போய் அங்கே வேலைக்காரி மாதிரி இருக்கிறாள். நாலு பேர் எங்கே என்றே தெரியவில்லை, போனை எடுப்பதில்லை. ஐந்தாம் லைனும் நிலைக்கவில்லை. இந்த வருஷம் மார்ச்சில் அதையும் மூடிவிட்டார்கள். கமால் அண்ணனை ஒரு நாள் பாசாரில் மீன் வாங்கும்போது பார்த்தேன். "எல்லாம் ஆறு மாசந்தான்லா" என்றார். அந்த ஆறு மாதம் எங்களுக்குக் கிடைத்திருந்தால் என் வீட்டுக்காரரின் மருந்துச் செலவை ஓட்டியிருப்பேன். என் மகள் படிப்பை நிறுத்தியிருக்கமாட்டாள்.

லினெட் அக்கா தனக்கு வேலை தேடவில்லை. தினமும் எங்களில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். நான் அவளோடு ஏழு மாதம் பேசவில்லை. பிறகு வயிறு பேசவைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்கிற ஊரில் ஒரு புதுக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினாள். போனேன்.

ஆபீசில் எனக்கும் அக்காவுக்கும் எதிரே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் காகிதங்களைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்கள்தான் இவருடைய சூப்பர்வைசரா? எப்படி வேலை செய்வார்?" என்று கேட்டாள்.  அக்கா வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். மலாயும் இங்கிலீஷும் கலந்து, மூச்சு விடாமல் பேசினாள். இவளைப் போலப் பற்றவைக்கிறவள் இந்தப் பினாங்கிலேயே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இவள் கையிலிருந்து திரும்பி வந்த வயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களால் முடியாததை நான் இவளிடம்தான் கொடுப்பேன். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் லைனை நடத்தியது இவள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இவள் வேலையில் ஒரு குறை இல்லை. இவள் எனக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். எல்லாம் சொன்னாள். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் மடியில் கண்ணீர் விழுந்தது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "ரொம்ப நல்லது, ஆண்ட்டி. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை" என்றாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. நின்றோம். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"உள்ள சொன்னதெல்லாம் நெசமாக்கா? இல்ல வேலைக்காகவா?"

"நெசந்தான். பொய் சொல்ல எனக்குத் தெரியுமா?"

"இதுல ஒண்ணே ஒண்ண, ஒரு வார்த்தய, அன்னைக்கு எஸ்தெபான்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அப்ப நீங்க என் ஆளுங்கடி. என் ஆளப் பத்தி என் வாயால நானே எப்பிடி சொல்லுவேன்?" என்றாள். "இப்ப நீ என் லைன்ல இல்ல. நான் ஒனக்கு யாரும் இல்ல. அதான் வந்துச்சு."